தண்ணீர் தெளித்த லோடு

போன வாரம் என் மகள் எனக்குத் தலைக்குச் சாயம் பூச உட்கார்ந்தாள். கிண்ணத்தில் கலக்கியதுதான் தாமதம், நெடி மூக்கில் ஏறியது. நான் தோளில் துண்டோடு எழுந்து தெருவுக்கே ஓடிவிட்டேன். எதிரே வந்த பால்காரர் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வயசுல என்னம்மா ஓட்டம்?" என்று மகள் சிரித்தாள்.

பூட்டிக் கிடந்த கழிப்பறையைத் திறந்தால் கண்ணில் எரியுமே, அந்த நெடி. அதை நான் முன்பு ஒரு லாரியில் முகர்ந்திருக்கிறேன். அந்த லாரிக்குள் என் ஐயாவும் அண்ணனும் இருந்தார்கள்.

ஐயா என்றால் அப்பா, எங்கள் வீட்டில் அப்படித்தான். சாத்தூருக்கு மேற்கே வைப்பாற்றங்கரையில் எங்கள் ஊர். தாத்தா மாட்டுவண்டியில் மணல் அடித்தார், ஐயா லாரியில் அடித்தார். மேல்மணல் காய்ந்தால் பறந்து பின்னால் வருகிறவன் கண்ணில் விழும் என்று ஒவ்வொரு லோடுக்கும் தண்ணீர் தெளிப்பார். சாமி கும்பிட மறந்தாலும் மறப்பார், தண்ணீர் தெளிக்காமல் அவர் வண்டி கிளம்பாது. விருதுநகர் போனால் புதிதாக எழும்பிய மாடிகளைக் காட்டி, "இதுல நம்ம ஆறு இருக்கு தாயி" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. பள்ளிக்கூடத்தில் நான் மணல்காரர் மகள். அந்தத் திமிர் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

பிறகு அனுமதி நின்றது. நின்ற பிறகும் கொஞ்ச காலம் அள்ளினோம், மறைப்பானேன். அடியில் களிமண் தெரிகிறவரை அள்ளினோம்.

அண்ணன்தான் தொழிலை மாற்றினான். சிவகாசி அச்சகங்களில் காலண்டரும் லேபிளும் வெட்டி மிஞ்சுகிற பேப்பரை வாங்கி, தரம் பிரித்து, மிஷினில் அழுத்திக் கட்டாக்கி, பேப்பர் மில்லுக்கு அனுப்புவது. ஆற்றோரமாகவே கொட்டகை போட்டோம். பி.காம். முடித்த எனக்கு எடை போடும் வேலை. "குப்பை எடை போடவா காலேஜுக்கு அனுப்புனீக?" என்று சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். வீட்டில்தான் சாப்பிடவில்லை, கடையில் புரோட்டா சாப்பிட்டேன்.

ஐயாவுக்குக் குப்பை பிடிக்கவில்லை. ஆனால் தண்ணீர் தெளிப்பதை மட்டும் விடவில்லை. பேப்பர் துண்டும் பறக்கும் அல்லவா, பழக்கம் பொருந்திப் போயிற்று. அண்ணன் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தான். பட்டாசுக் கம்பெனிக் கழிவு மட்டும் கூடாது. அதில்தான் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டு பேச்சே நின்றுபோனது. "அட்டையும் பேப்பர்தான்னு அவங்கிட்டச் சொல்லு தாயி" என்பார் ஐயா. "மருந்து ஒட்டியிருக்கும்னு அவருகிட்டச் சொல்லு" என்பான் அண்ணன். நடுவில் நான் தபால்காரி.

ஒரு தீபாவளி சீசன் முடிந்த சமயம். அண்ணன் மில்லுக்குப் போயிருந்தான். ஐயா டிரைவரைக் கூட்டிக்கொண்டு, விஸ்வநத்தம் பக்கம் மூடப்போகிற ஒரு கம்பெனியிலிருந்து அட்டை டிரம்களும் குழாய்களுமாக ஒரு லோடு ஏற்றிவந்துவிட்டார். டிரம்களுக்கு அடியில் வெள்ளி மாதிரி தூள் ஒட்டியிருந்ததாம். மணல்காரர் புத்தி, தூள் பறக்கக் கூடாது என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தண்ணீர் விட்டார். அலுமினியத் தூள் கலந்த மருந்து நனைந்தால் தானாகச் சூடேறிப் பற்றும். பட்டாசு வேலைக்குப் போகிற எல்லார் வீட்டிலும் இது தெரியும். ஐயா ஒரு நாளும் அந்த வேலைக்குப் போனதில்லை.

மத்தியானம் லாரி கொட்டகையை ஒட்டி நின்றது. உள்ளே பேப்பர் கட்டுகள் கூரை உயரத்துக்கு. பிரிக்கிற பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியான பாத்திமா அக்காதான் முதலில் அந்தக் கழிப்பறை நெடிக்கு மூக்கைச் சுளித்தார். போய் லாரியின் பக்கப்பலகையில் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. எதையும் எடுக்காதீக" என்றார். சத்தமே போடவில்லை.

அப்போதுதான் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினான். ஐயா தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு லாரிக்கு ஓடினார். "தண்ணி ஊத்தாதீகய்யா, ஊத்தாதீக" என்று அண்ணன் அதைப் பிடுங்கி எறிந்தான். வெகு நாளைக்குப் பிறகு அவன் அவரிடம் நேராகப் பேசியது அதுதான். டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். கொட்டகையில் பற்றுமுன் வண்டியை நகர்த்த அண்ணனே லாரியில் தாவி ஏறினான். வண்டி எடுக்கவில்லை. தார்ப்பாய் ஓரத்தில் வெள்ளையாகப் புகை கசிந்தது. மறுபக்கக் கதவைத் திறந்து ஐயா ஏறினார்.

"எறங்குங்கய்யா."

"ஏலே, இது என் வண்டி. இது கொணம் எனக்குத்தான் தெரியும். நீ எறங்கு."

இரண்டு பேரும் இறங்கவில்லை. ஐயா எதையோ இழுத்தார், அண்ணன் மிதித்தான், வண்டி உறுமிக் கிளம்பியது. ஆற்றுக்குள், நாங்களே தோண்டிய பெரிய பள்ளத்தைப் பார்த்துப் போனது. நான் பின்னாலேயே ஓடினேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன், என்ன உளறினேன், ஒன்றும் தெரியாது. பள்ளத்து விளிம்பில் அண்ணன் குதித்தான். ஐயாவின் வேட்டி கதவில் மாட்டிக்கொண்டது. அதைக் கிழித்துக்கொண்டு விழுந்தார். லாரி உள்ளே சரிந்தது. அப்புறம் என் கண்ணுக்கு வெள்ளை வெளிச்சம் மட்டும்தான்.

தெறித்த தூள் ஐயாவின் காலில் வேட்டியோடு ஒட்டி எரிந்தது. "மணல அள்ளிப் போடு தாயி. மணல அள்ளிப் போடு" என்றார். அந்த மாதிரித் தீயை மணல்தான் அமுக்கும். நான் ஆற்றுக்குள் மண்டியிட்டு இரண்டு கையாலும் பறண்டினேன். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த களி. நகம் பிய்ந்தது, ஒரு பிடி பெயரவில்லை. ஐயா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணன்தான் வெறும் உள்ளங்கையால் அடித்து அடித்து அணைத்தான்.

ஐயா பிழைத்தார். காலை இழுத்து இழுத்து நடந்தாலும் நெடுநாள் இருந்தார். லாரி போயிற்று, ஆற்றோரக் கொட்டகையையும் மூடிவிட்டோம். பேப்பர்த் தொழிலை அண்ணன் வேறு இடத்தில் நன்றாகவே நடத்துகிறான். அந்தக் கைகளை மட்டும் அவனால் முழுதாக மூட முடியாது.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில். ஒரு நாள் ஐயா கூரையைப் பார்த்தபடியே அண்ணனிடம் சொன்னார்.

"ஒரு கை மணலாச்சும் விட்டு வச்சிருக்கலாம்லே."

அண்ணன் அழுதான். கட்டுப் போட்ட கையால் துடைக்க முடியாமல் அப்படியே கிடந்தான். நான்தான் துடைத்துவிட்டேன்.

ஊர்ப் பாலத்தில் வைப்பாறு என்று பலகை இப்போதும் இருக்கிறது. போகும்போதெல்லாம் கீழே எட்டிப் பார்க்கிறேன். கருவேல மரம்தான் மண்டிக் கிடக்கிறது. ஐயா கேட்ட அந்த ஒரு கை மணல் இன்னும் வந்து சேரவில்லை.