கிறிஸ்துமஸ் மதியத்துக் கேசட்

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் காலையில் கோயில், மதியம் பிரியாணி, அதற்குப் பிறகு படம். ராஜபாளையத்தில் மில் தொழிலாளிகள் நிறைந்திருந்த தெரு அது. எண்பதுகளில் அங்கே யார் வீட்டிலும் டி.வி. கிடையாது. கோயில் வாலிபர் சங்கத்துக்காரர்கள் டி.வி.யையும் வீடியோ டெக்கையும் வாடகைக்குப் பிடித்து, தள்ளுவண்டியில் மெத்தை விரித்து அதன் மேல் வைத்துக் கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டு முன்னறை கொஞ்சம் பெரியது என்பதால் அங்கேதான் இறக்குவார்கள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தால் தியேட்டர் தயார்.

முதலில் இயேசுவின் வாழ்க்கைப் படம். வெள்ளைக்காரர்கள் எடுத்து, தமிழில் பேச வைத்தது. உதடு ஒரு பக்கம் போகும், வசனம் ஒரு பக்கம் போகும். அடுத்து வரப்போகும் வசனத்தைப் பிள்ளைகளே முன்கூட்டிச் சொல்லிவிடுவோம். ஆணி அடிக்கிற இடம் வந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் முந்தி அழுவது அவர்தான். சாயங்காலம் தூர்தர்ஷனில் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி. கோட்டுப் போட்ட ஆண்களும் பட்டுச் சேலை கட்டிய பெண்களும் வரிசையாக நின்று பாடுவார்கள். படம் தெளிவாக வராது, திரை முழுக்கப் பூச்சி பறக்கும். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

எண்பதுகளின் கடைசியில் மூன்றாவதாக ஒரு படம் சேர்ந்தது. அதில் என் அண்ணன் இருந்தான்.

கோயிலில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டார்கள். அதே வாரம் ஒரு கல்யாணத்தை வீடியோ எடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவர், கேட்டுக்கொண்டதால் நாடகத்தையும் எடுத்துக் கொடுத்தார். அண்ணன்தான் யோசேப்பு. அவன் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மரியாளுக்கும் யோசேப்புக்கும் அங்கியும் முக்காடும் அந்தத் துணியில்தான் தைத்தார்கள். மரியாளாக வந்தது அடுத்த தெரு அக்கா. பாட்டு வாத்தியார் வீட்டுப் பெண். டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள்.

சத்திரத்துக்காரன் கதவைத் திறந்து இடம் இல்லை என்று சொல்வான். அண்ணன் கையைக் கூப்பி, “ஐயா, ஒரு மூலை போதும். இவளால் இனி நடக்க இயலாது” என்பான். வீட்டில் ஏலே, வாலே என்று பேசுகிறவன் இயலாது என்று சொன்னதற்காக நாங்கள் பல நாள் அவனைக் கேலி செய்தோம். சாப்பிடக் கூப்பிட்டால், “வர இயலாது” என்று அவனே எடுத்துக் கொடுப்பான்.

மார்ச் மாதம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி கொடுத்தோம். கண் நன்றாக மஞ்சளான பிறகு மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே கொஞ்ச நாள்தான் இருந்தான். அவனுக்கு அப்போது இருபது வயது.

அந்த டிசம்பரில் சங்கத்துக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து தயங்கி நின்றார்கள். டி.வி.யை வேறு வீட்டில் இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். “இங்கயே வைங்க. அந்த நாடகக் கேசட்டையும் எடுத்துட்டு வாங்க,” என்றாள் அம்மா.

வழக்கம்போல் இயேசு படம் முடிந்தது. நாடகக் கேசட்டை உள்ளே தள்ளினார்கள். அப்பா எழுந்து, ஆட்களைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணன் பேசிய இடத்தில் அறையே அழுதது. அம்மா அழவில்லை. டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு பார்த்தாள். முடிந்ததும், “இன்னொரு வாட்டி போடுதியாய்யா?” என்று கேட்டாள்.

அப்படி அது வழக்கமாகிவிட்டது. கேசட்டை அம்மாவிடமே கொடுத்துவிட்டார்கள். அப்பா மறு வருஷமே ஒரு பழைய டி.வி.யும் டெக்கும் வாங்கி வைத்தார். வாங்கி வைத்தாரே தவிர, ஒரு தடவைகூட அந்த நாடகத்தைப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் மதியம் கேசட் உறை சத்தம் கேட்டதும் மில் பக்கம் டீக்கடைக்குப் போய்விடுவார். தெரு மட்டும் தவறாமல் வந்தது. வருகிறவர்கள் சும்மா அழுதுவிட்டுப் போகவில்லை. யோசேப்பு மரியாளின் கையைப் பிடித்து வைக்கோல் மேல் உட்கார வைக்கிற இடத்தில் யாராவது ஒருத்தி, “என்ன பொருத்தம் பாரேன்,” என்பாள். இன்னொருத்தி, “ரெண்டு பேருக்கும் மனசுல இருந்திருக்கும்,” என்பாள். அம்மா மறுக்கமாட்டாள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றும்.

இதற்குள் மரியாளாக நடித்த அந்த அக்கா கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை கோர்ட்டில் குமாஸ்தா.

ஒரு டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால், அவள் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அக்கா பால்கோவாப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “பெரியம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றாள். அம்மா சலிப்பதை நிறுத்தினாள். சின்ன வயதிலிருந்தே அவள் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். இப்போது பெரியம்மா என்றால், அண்ணன் அவளுக்கு அண்ணன் முறையாகிவிடுகிறான்.

“என்னம்மா?”

“அந்தக் கேசட்டை இனிமே யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க பெரியம்மா.”

எங்கள் தெருவிலிருந்து யாரோ ஒரு சொந்தக்காரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில், அக்காவின் மாமியாரிடம் இந்தப் பொருத்தப் பேச்சைப் பேசியிருக்கிறாள். பேசியது பெருகிப் பெருகி வீட்டுக்காரர் காதுக்குப் போயிருக்கிறது.

“அடிக்கிறாவளா?” என்று அம்மா கேட்டாள்.

“அடிச்சாக்கூடத் தேவல. பேச மாட்டேங்காவ. சோறு வச்சாத் திங்கிறாவ, எந்திரிச்சுப் போறாவ. செத்துப் போனவன்கூட என்னத்தச் சண்ட போடன்னு ஒரு நாள் கேட்டாவ. அம்புட்டுத்தான்.”

அம்மா கையிலிருந்த மாவைத் தட்டினாள். என்னை உள்ளே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் இருப்பதையே மறந்துவிட்டாள் போலிருந்தது. குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. ஒங்களுக்குள்ள அப்படி ஏதும் இருந்துச்சா? இருந்தாச் சொல்லு. சத்தியமா வெளிய விட மாட்டேன்,” என்றாள்.

“இல்ல பெரியம்மா.”

“ஒண்ணுமே இல்லையா?”

“நாடகத்துக்குப் பழகையில பேசுனதுதான். தெருவுல பாத்தாத் தலையக் குனிஞ்சிட்டுப் போயிருவாவ. ஒரு நாள் மட்டும், அங்கி தடுக்கும், பாத்து நடங்கன்னு சொன்னாவ. வேற ஒண்ணும் கிடையாது.”

அம்மாவின் முகம் அப்போது மாறியது. அக்கா மேல் பழி இல்லையே என்று அவள் ஆறுதல் அடைவாள் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது வேறு. அண்ணன் செத்த சேதி வந்தபோது பார்த்த முகத்துக்கு அடுத்தபடி அதைத்தான் சொல்வேன். இத்தனை வருஷமாக, பிள்ளை ஒரு பெண்ணின் மீது ஆசை வைத்து, அவளும் அவன் மீது ஆசை வைத்து, அந்தச் சந்தோஷத்தையாவது பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

“சரிம்மா, யாருக்கும் போட மாட்டேன். நீ தைரியமாப் போ,” என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தெரு வழக்கம்போல் வந்து உட்கார்ந்தது. இயேசு படம் முடிந்ததும் அம்மா ஜன்னல் போர்வையை அவிழ்த்துவிட்டாள். “கேசட்டுல பூஞ்சை புடிச்சிருச்சு. இனி ஓடாது,” என்றாள். ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் கலைந்தார்கள். அவர்கள் போய்க் கொஞ்ச நேரம் கழித்துக் கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து, அம்மா கேசட்டைப் போட்டாள். நானும் அவளும் மட்டும் பார்த்தோம்.

எதிர்வீட்டு அக்கா தன் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுக்க வந்தவர் கதவுக்கு வெளியே அண்ணன் குரலைக் கேட்டிருக்கிறார். கதவைத் தட்டவில்லை. மறுநாள் காலையில் குழாயடியில் அம்மாவிடம், “நாங்க பாத்தா ஒங்க புள்ள தேஞ்சா போயிருவான்?” என்று கேட்டார். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். காரணத்தைச் சொன்னால் அந்தப் பெண்ணின் பெயர் மறுபடியும் தெருவில் உருளும் என்று அவளுக்குத் தெரியும். சொந்த டி.வி. வந்ததும் திமிர் வந்துவிட்டது என்று தெரு பேசியது. அடுத்த வருஷம் எங்கள் முன்னறைக்கு யாரும் வரவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் டி.வி. வந்துவிட்டது, அங்கே போனார்கள். எதிர்வீட்டு அக்கா பொங்கலுக்கும் எங்களுக்குக் கரும்பு கொடுத்தனுப்பவில்லை. அம்மா கடைசிவரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பூஞ்சை என்று அம்மா சொன்ன கிறிஸ்துமஸை அடுத்து வந்த பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, ஒல்லியான ஆள். நான் பயந்தது போல முரடராக இல்லை. நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்தார். அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார்.

“அம்மா, தப்பா நினைக்கப்படாது. அந்த நாடகத்த ஒரு தடவ பாக்கணும்.”

கேசட் ஓடாது என்று தெருவுக்குச் சொன்னதை அம்மா இவரிடமும் சொல்லியிருக்கலாம். சொன்னால் சந்தேகம் இன்னும் வளரும் என்று நினைத்தாளோ என்னவோ. என்னைப் பார்த்து, “போடுட்டி,” என்றாள்.

போட்டேன். அவர் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தார். அண்ணன் கையைப் பிடித்து உட்கார வைக்கிற இடம் வந்தது. “கொஞ்சம் பின்னாடி ஓட்டும்மா,” என்றார். ஓட்டினேன். மறுபடியும் பார்த்தார். “இன்னொரு தடவ.” மறுபடியும் ஓட்டினேன். என் அண்ணன் பின்பக்கமாக நடந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் கையை நீட்டினான். என்ன தேடினார் என்று எனக்குத் தெரியவில்லை. கேசட் பழசாகிப் படத்தில் கோடு விழுந்திருந்தது. அவர்கள் கண்ணோ உதடோ அதில் சரியாகத் தெரியாது.

நான்காவது முறை அவர் கேட்பதற்குள், பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்த அம்மா, “தம்பி, அவன் இப்ப இல்ல,” என்றாள்.

“தெரியும்மா.”

“அவ நல்ல புள்ள. அவகூடப் பேசுங்க.”

அம்மா காபி போட உள்ளே போனாள். டம்ளரோடு வந்தபோது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று மட்டும் சொன்னார். அம்மா காபியைக் கையில் பிடித்துக்கொண்டே டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். அங்கே நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தவா என்று கேட்டேன். “முடியட்டும்,” என்றாள்.

அதன் பிறகு கிறிஸ்துமஸ் மதியத்தில் அவள் முன்னைப் போல ஆசையாக அதைப் பார்க்கவில்லை. கையைப் பிடிக்கிற இடம் வந்தால் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரு வருஷம், இயேசு படம் போதும் என்றாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு, நானாக எடுத்துப் போட்டபோது, உண்மையாகவே பூஞ்சை பிடித்திருந்தது. கடையில் கொடுத்துத் துடைத்து வாங்கினேன். படம் வரவில்லை. கொரகொரவென்ற சத்தத்துக்கு நடுவில் குரல் மட்டும் சில நேரம் வந்தது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை. அப்பாவும் நானும் தூர்தர்ஷன் பாட்டைக் கேட்டோம். இப்போது படம் தெளிவாக வந்தது.

பிறகு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு மகள். அக்கா இளைத்திருந்தாள். அம்மா போன செய்தியை யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

“வரணும்னு இருந்துச்சு. வர முடியல,” என்றாள்.

“பரவாயில்லக்கா.”

“இவுக அப்பா ஒங்க வீட்டுக்கு வந்தாவளாமே. ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கே சொன்னாவ. சின்னப் பையனால்ல இருக்கான், அப்படின்னாவ. அதோட அந்தப் பேச்ச விட்டுட்டாவ.”

“இப்ப நல்லாப் பேசுறாவளாக்கா?”

அவள் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். “பேசுதாவ. வேணுங்கிறது மட்டும்.” பஸ் வருகிற பக்கம் பார்த்துவிட்டு, “கேசட்டு இருக்கா?” என்று கேட்டாள். பூஞ்சையைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

“நான் அதப் பாத்ததே இல்ல, தெரியுமா? எடுத்த கையோட ஒரு தடவ போட்டாங்களாம். அன்னைக்கு எனக்குப் பரீட்சை. பொறவு பாக்க விதியில்ல.” சிரிக்க முயன்றாள். “நான் என்ன வசனம்ட்டி பேசுனேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு.”

“ஒங்களுக்கு வசனமே கிடையாதுக்கா. மரியாளுக்கு ஒண்ணும் எழுதல. சும்மா நடந்து வந்து உக்காருவீங்க.”

“அப்படியா?” என்றாள். “நெறையப் பேசுன மாதிரில்லா இருக்கு.”

அவளுடைய பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. மகளை முன்னால் ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். எனக்கு ராஜபாளையம் பஸ் வர இன்னும் நேரமிருந்தது. மழை தூறத் தொடங்கியதால் கூரைக்கு உள்பக்கமாகத் தள்ளி நின்றேன்.