அமோர்ஸ் மாறினால் அது வேறு தோட்டா

லூர்து ஐயா அந்தச் சனிக்கிழமை கடைக்குள் வந்ததும் வணக்கம் சொல்லவில்லை. சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோது ஒன்றைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"வெடிமருந்து கெட்டுப் போச்சும்மா. இதைப் பாரு. சுட்டப்புறம் துப்பாக்கியைத் திறக்க போல்ட்டைத் தூக்கவே முடியலை."

பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்த துப்பாக்கிக் கடையில், வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களுக்கான பகுதி என் பொறுப்பில் இருந்தது. மருந்து, சன்னம் என்கிற குண்டு, வெற்றுக் கோது, அமோர்ஸ் எல்லாம் என்னிடம்தான். லைசன்ஸ் உள்ள துப்பாக்கி கிளப்காரர்கள் வருவார்கள். அவர்களில் தமிழ் பேசியவர் இவர் ஒருவர்தான். பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, புறநகரான எபினேயில் இருந்தார்.

கோதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அமோர்ஸ் என்பது அங்கே பதிந்திருக்கும் சிறு உலோகக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அதை அடித்ததும் உள்ளே தீப் பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். அதன் ஓரம் கொஞ்சம் உருண்டிருக்க வேண்டும். இதில் ஓரமே இல்லை. தட்டையாகிக் கோதோடு ஒட்டிக் கிடந்தது. ஊசி பட்ட குழியைச் சுற்றி விளிம்பு எழும்பியிருந்தது. அழுத்தம் அளவுக்கு மேல் போயிருக்கிறது.

"என்ன மாத்தினீங்கள், ஐயா?"

"ஒண்ணும் மாத்தலை. அதே மருந்து, அதே அளவு, அதே சன்னம்."

"அமோர்ஸ்?"

கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்டதான் ஸ்டாக் இல்லியே. வேற இடத்துல மேக்னம் அமோர்ஸ் கிடைச்சுது. சைஸ் ஒண்ணுதானே, கச்சிதமா உக்காந்துச்சு."

அது அமோர்ஸ் தட்டுப்பாடான காலம். கிடைத்ததை வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. அளவும் ஒன்றுதான். ஆனால் மேக்னத்தின் தீ பெரிது. எளிதில் பற்றாத மருந்துக்காகச் செய்தது. லூர்து ஐயாவோ வழக்கமாகவே மருந்து அட்டவணையின் உச்ச அளவில் போடுகிறவர். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் எல்லை தாண்டும்.

"மிச்சம் எங்கை?"

"ஒரு பெட்டி வீட்ல இருக்கு. இன்னொண்ணு மச்சான்கிட்ட. இப்ப கிளப்லதான் இருப்பான்."

தான் நிரப்பியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பேச நேரமில்லை.

"உடனை போன் எடுங்கோ, ஐயா."

கைபேசியை எடுத்தவர் அப்படியே நின்றார். "என் தோட்டா மாதிரி எங்கயும் கிடைக்காதுன்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப என்னன்னு சொல்றது?"

"சுட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. மற்றதைப் பிறகு கதைக்கலாம்."

அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. காதுக் கவசம் போட்டவருக்கு எங்கே கேட்கப் போகிறது? நான் கடைத் தொலைபேசியில் கிளப்பை அழைத்து, சுடுதளப் பொறுப்பாளரிடம் மச்சானின் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொன்னேன். அவர் போய்ப் பார்க்கும்வரை லூர்து ஐயா மேசை விளிம்பை விடவே இல்லை.

பொறுப்பாளர் தொலைபேசிக்குத் திரும்பி வந்தார். "நிறுத்திவிட்டேன், மதாம். போல்ட் இறுகிவிட்டதென்று தட்டித் திறந்துகொண்டிருந்தார். அடுத்த தோட்டாவைக் கையில் வைத்திருந்தார்."

"அவனுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று லூர்து ஐயா கேட்டார்.

"ஒண்டும் இல்லை, ஐயா" என்றேன்.

அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து மச்சானை மறுபடி அழைத்தார்.

பிறகு மச்சானும் அவரும் பெட்டிகளோடு வந்தார்கள். மச்சானின் துப்பாக்கியை எங்கள் பட்டறைக்காரர் சோதித்துக் கொடுத்தார். சுடாத தோட்டாக்களில் சன்னத்தைக் கழற்றி மருந்தைக் கொட்டினோம். வெடிக்காத அமோர்ஸைத் தட்டி எடுப்பது ஆபத்து என்பதால் அதைத் தொடவில்லை. அந்த மேக்னத்தோடேயே, மருந்தை அட்டவணையின் ஆரம்ப அளவுக்கு இறக்கி, சிறுகச் சிறுக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கோதைப் பார்க்கச் சொன்னேன். பழைய அளவுக்குக் கீழேயே அவருக்கு நல்ல குறி விழுந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். "இது இல்லையென்றால் எது?" என்று வாடிக்கையாளர் கேட்டால், இன்னொரு பெட்டியை எடுத்து நீட்டாதீர்கள். என்ன மருந்து, எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேளுங்கள். சொல்ல மறுத்தவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். முதலாளி முகம் சுளித்தார், நான் மாற்றிக்கொள்ளவில்லை.

மச்சான் பிறகு தானே நிரப்பப் பழகினார். முதல் தடவை அமோர்ஸ் வாங்க வந்தபோது, நான் வாய் திறக்கும் முன்பே தன் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிவிட்டு, "இப்ப குடுங்க" என்றார்.