கிராம் மேடத்தின் காலி எடை

என் தம்பி மனைவிக்கு லாரி டிரைவர்கள் வைத்த பெயர் கிராம் மேடம். உண்மையில் அவள் வேலை பார்க்கும் எடை மேடைக்கு கிராம் என்றால் என்னவென்றே தெரியாது. பத்து கிலோ, இருபது கிலோ என்றுதான் அது பேசும். ஒரு கோழி ஏறி நின்றால் பூஜ்யம் காட்டும். கிராம் கணக்குப் பார்ப்பது இயந்திரம் இல்லை, இவள் கண்.

வண்டி முதலில் சரக்கோடு மேடையில் ஏறும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்து மறுபடியும் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. இந்தச் சின்னக் கழித்தலுக்குள் எவ்வளவு தில்லுமுல்லு பண்ணலாம் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரக்கோடு வரும்போது தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருவார்கள். காலியாக வரும்போது அதைக் கொட்டிவிட்டு வருவார்கள். ஒரு டிரைவர் தன் மச்சானையே சீட்டுக்குப் பின்னால் படுக்கவைத்துப் போர்வையால் மூடிக் கொண்டுவந்திருக்கிறார். இவள் அறைக்குள் இருந்தபடியே மைக்கில் கேட்டாளாம்:

“அண்ணே, அந்தப் போர்வை மூச்சு விடுதே, அதையும் சரக்குல சேக்கணுமா?”

மச்சான் இறங்கி ஓடியது இன்றைக்கும் லாரிக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை. அவளிடம் எதுவும் செல்லாது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்கமாட்டாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இப்படி ஒருத்தி என் தம்பிக்கு எப்படி வாய்த்தாள் என்று யோசித்திருக்கிறேன். அவன் சட்டைப் பித்தான் சரியாகப் போடத் தெரியாதவன்.

அவள் உண்டானாள். மாடியில் தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு, கீழே அவர்கள் வீட்டில் நடப்பதெல்லாம் கேட்கும். நான் ஒட்டுக்கேட்பதில்லை, அவள் குரல் அப்படி. ஆனால் அந்த மாதங்களில் கேட்டது வாந்தி எடுக்கும் சத்தம் மட்டும்தான். லாரிப் புகை பட்டாலே குமட்டியது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கர்ப்பிணி என்றால் எடை ஏறவேண்டும், இவளுக்கு இறங்கியது.

கிளினிக்குக்கு நான்தான் துணைக்குப் போவேன். அங்கே பெரிய நர்ஸ் என்று ஒரு அம்மா. குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும்.

“போன தடவைக்கு இந்தத் தடவை குறைஞ்சிருக்கியே! வயித்துல இருக்கறது எப்படிம்மா வளரும்? அடுத்த தடவையும் இப்படியே வந்தா இங்கயே படுக்க வெச்சு டிரிப்ஸ் போட்டுருவேன்.”

வரிசையில் உட்கார்ந்திருந்த வயிறுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. கிராம் மேடம் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

அடுத்த தடவை அவளே முன்னால் நடந்தாள். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நிமிர்ந்து நின்றாள். மூன்று கிலோ கூடியிருந்தது. நர்ஸ் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. இவள் இறங்கக் காலைத் தூக்கினாள் பாருங்கள், டங்கென்று ஒரு சத்தம். சல்வாருக்குள்ளிருந்து இரும்பு எடைக்கல் ஒன்று தரையில் விழுந்து உருண்டு, நர்ஸ் அம்மாவின் செருப்பில் போய் முட்டி நின்றது.

நர்ஸ் அம்மா குனிந்து அதை எடுத்தார்.

“சுகப்பிரசவம்தான். ஒரு கிலோன்னு எழுதியிருக்கு. கொஞ்சம் எடை கம்மி,” என்றார். பிறகு இவள் இடுப்பைப் பார்த்து, “ரெட்டைப் புள்ளையா?” என்று கேட்டார்.

இன்னொரு கல்லையும் இவள் தானே அவிழ்த்துக் கொடுத்தாள். பாக்கி ஒரு கிலோவா? வாசலிலேயே ஒரு பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாளே, அது. டிரைவர்களிடம் பிடித்த வித்தைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து பார்த்திருக்கிறாள். போலீஸ்காரன் வீட்டிலேயே திருட்டு என்பார்களே, இங்கே போலீஸ்காரனே திருடன்.

நான் தெருமுனை வரை சிரித்துக்கொண்டே வந்தேன். நாத்தனாராகப் பிறந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? திரும்பிப் பார்த்தால் அவள் மூடிக் கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“டிரிப்ஸ் போட்டுப் படுக்க வெச்சுருவாங்கன்னா பயந்த?” என்று கேட்டேன்.

“அதுக்கில்ல அண்ணி. வயித்துல இருக்கறது வளரலேன்னு அவங்க வாயால இன்னொரு தடவை கேக்க என்னால முடியாது. அந்த வார்த்தை காதுல விழாம இருந்தாப் போதும்னு தோணுச்சு. மத்ததை யோசிக்கல.”

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிபட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள், பாவம். இத்தனை நாள் இவள் கையும் களவுமாகப் பிடித்த டிரைவர்களுக்கும் இப்படி ஒரு பயம் இருந்திருக்குமோ என்னமோ.

விஷயம் எப்படியோ எடை மேடைக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, என் தம்பிதான் சொல்லியிருப்பான். மறுநாள் முதல் வண்டியிலிருந்தே டிரைவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவர ஆரம்பித்தார்கள். வாழைப்பழம், வேகவைத்த முட்டை, வறுத்த கடலை. புகையடிக்காத இடமாகப் பார்த்து மேடைக்கு அந்தப்பக்கம் ஒரு நாற்காலியும் போட்டுவைத்தார்கள். இவளுக்கு வந்ததே கோபம்.

“இது லஞ்சம். எடுத்துட்டுப் போங்க.”

போர்வைக்குள் மச்சானை வைத்திருந்த அதே டிரைவர்தான் வழி சொன்னார். “மேடம், ரசீதை முதல்ல அடிச்சுக் குடுத்துருங்க. எடை போட்டு முடிச்சப்புறம் குடுத்தா அது எப்படி லஞ்சம்?”

சட்டம் சரியாகத்தான் இருந்தது. ரசீது ஒரு கையில் போகும், முட்டை மறு கையில் வரும். ஐந்தாம் மாதத்தில் குமட்டல் நின்றது. நின்றதோ இல்லையோ, பசி வந்தது பாருங்கள், அணை உடைந்த மாதிரி. அவள் வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையை நான் மாதம் ஒரு தடவை பிரித்துத் தைத்தேன். பிரிக்கத் துணி தீர்ந்ததும் பக்கவாட்டில் ஒட்டுப் போட்டேன். என் தம்பி துணைக்குச் சாப்பிடுகிறேன் என்று உட்கார்ந்து அவனும் தொப்பை போட்டான். “உனக்கு எந்த மாசம்டா?” என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். நர்ஸ் அம்மா ஒவ்வொரு தடவையும் அவள் இடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தில் ஏற்றினார். கடைசியில், “போதும்டி தாயே, இயந்திரத்தை விட்டுரு,” என்று கும்பிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக, கொழுகொழுவென்று.

வீட்டுக்கு வந்த நாலாம் நாளே மேடம் கணக்கில் இறங்கிவிட்டாள். “அண்ணி, சரக்கை இறக்கியாச்சுல்ல? அப்போ காலி எடை வரணும்ல? ஏன் வரல?”

“லாரி தானாத் தின்னு பெருக்காதும்மா,” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எடை விருந்தாளியாக வந்து வாடகைக்குக் குடியிருக்க ஆரம்பித்துவிட்டது. பழைய சட்டையை எடுத்துப் போட்டுப் பார்ப்பாள், பித்தான் எட்டாது, மடித்து வைப்பாள். வேலைக்குத் திரும்பியதும் டிரைவர்கள் வாயைச் சும்மா வைத்திருப்பார்களா? “மேடம், காலி எடை போட்டாச்சா?” என்று கேட்பார்கள். மேடையைச் சுற்றி வேகவேகமாக நடந்தாள். பிறகு ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். காலையிலும் பாதி. எந்த எடை இயந்திரத்திலும் ஏறமாட்டேன் என்று ஒரு சபதம் வேறு.

குழந்தையின் ஐந்தாம் மாதத்தில் நர்ஸ் அம்மா அதைத் தராசுத் தட்டில் கிடத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “போன தடவையைவிட ரொம்ப ஒண்ணும் ஏறலையே. நீ ஒழுங்காச் சாப்பிடறியா? அடுத்த தடவை பார்த்துட்டு டாக்டர்கிட்ட காட்டணுமான்னு சொல்றேன்.”

கடைப் படியில் பார்த்த அதே முகத்தை அன்று மறுபடியும் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்து சாப்பிட்டாள். பழைய சட்டையை என்னிடம் கொடுத்து, “இதை வெட்டிக் குழந்தைக்குத் தெச்சிருங்க அண்ணி,” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த தடவைக்குள் குழந்தைக்குக் கால் முளைத்துவிட்டது. தராசுத் தட்டில் படுக்கவைத்தால் புரண்டது, உதைத்தது, நர்ஸ் அம்மாவின் கண்ணாடியைப் பறித்தது. முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

“இது ஆகாது. நீ தூக்கிட்டு பெரிய இயந்திரத்துல ஏறு. அப்புறம் நீ மட்டும் ஏறு. கழிச்சுக்கலாம்.”

மேடம் என்னைப் பார்த்தாள். “அண்ணி, நீங்க ஏறுங்களேன்.”

“என் எடையை ஊருக்குச் சொல்லவா? ஆளை விடு,” என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன்.

ஏறினாள். “எழுபத்தாறு நானூறு!” என்று நாலு தெருவுக்கும் அறிவிப்பு போனது. பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள், துப்பட்டாவை எடுத்தாள், தோள்பையை இறக்கினாள்.

“ஏய், ஏய்!” என்றார் நர்ஸ் அம்மா. “எதோட ஏறினியோ அதோடயே ஏறு. இல்லேன்னா கணக்கு எப்படி வரும்?”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவளே மைக்கில் கத்தும் வாசகம் அது. எல்லாவற்றையும் மறுபடியும் மாட்டிக்கொண்டு ஏறினாள். வயிற்றை உள்ளே இழுக்கவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டாள்.

“அறுபத்தொன்பது!”

யாரோ ‘ஸ்ஸ்’ என்றார்கள். அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நர்ஸ் அம்மா கழித்து முடிப்பதற்குள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

“ஏழு நானூறு,” என்றாள். “போன தடவை ஆறு எழுநூறு.”

“நல்லா ஏறியிருக்கு. டாக்டரெல்லாம் வேண்டாம், போ,” என்றார் நர்ஸ் அம்மா. முதல்முறையாகச் சாதாரணக் குரலில்.

மறுநாள் மதியம் பால் கொடுப்பதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மேடைக்குப் போனேன். போர்வை டிரைவரின் வண்டி சரக்கோடு ஏறிக்கொண்டிருந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

“மேடம், நேத்து எடை பார்க்கப் போனீங்களாமே! எவ்வளவு இறங்கியிருக்கு?”

மைக் திறந்திருந்தது. வெளியே வரிசையில் நின்ற ஏழெட்டு வண்டிக்கும் கேட்டது.

“எழுநூறு கிராம் ஏறியிருக்கு!” என்றாள்.

டிரைவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைத் தூக்கிக் காட்டினேன்.

“என்ன பார்க்கறீங்க?” என்றது மைக். “வண்டியை நேரா நிறுத்துங்க. பின்சக்கரம் வெளிய நிக்குது.”