என் வேட்டியில் ஆடிய நாட்டியம்

கொப்பரை வாங்க வந்த எனக்குக் கடியப்பட்டணம் கடற்கரையில் படம் பார்க்கக் கிடைக்கிறது. கம்பெனி தயவில்லாமல், வெளிநாட்டில் ஆடுகிறவர்களே எடுத்த குட்டி நாட்டியப் படங்கள். மீன்பிடிக்கிற சூசையின் படகுப் பாய்தான் திரை. ஒருத்தி தனியாக ஆடும் கடைசிப் படம் பாக்கியிருக்க, காற்று திரும்புகிறது. கடலுக்குப் போக சூசை பாயை அவிழ்க்கிறார்.

“ஒரு படம் பொறும் ஓய்,” என்கிறேன்.

“அவ ஆடினா என் வலையில மீனு கேறுமா மொதலாளி? வேற துணி இருந்தா கெட்டுங்க.”

கூட்டம் கலையப் பார்க்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்று நாலு கடை வைத்தவன் நான். யோசித்து நிற்கிற ஆளில்லை. துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, எட்டு முழ வேட்டியை அவிழ்த்துக் கொடுக்கிறேன்.

பழுப்பேறிய பாயில் ஆடியவர்களைவிட இவள் பளிச்சென்று ஆடுகிறாள். பாயைத் தோளில் சுமந்தபடி, சூசையும் முழுப்படம் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார்.