குயில் ஒட்டும் கேசா

அழைப்பு மணியை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, கேசா லூர்ஸ் ஒரு படி கீழே இறங்கி நிற்பார். கதவு திறக்காவிட்டால் நீதிமன்ற உத்தரவோடு வந்து பூட்டை உடைக்கவும், அலமாரிகளைக் குடையவும் எங்கள் மாநில வரி வசூல் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. நிற்பதென்னவோ உப்பு கடன் கேட்க வந்தவர் மாதிரி.

நகராட்சியில் வரி பாக்கிக்கு ஜப்தி செய்வது அந்த அம்மாவின் வேலை. தகராறு செய்யும் வீடானால் சாட்சி வேண்டும். பக்கத்து மேசைக்காரன் என்பதால் அந்தப் பாக்கியம் எனக்கு. ஜப்தியான பொருள் ஏலம்வரை வீட்டிலேயே இருக்கும்; அதன்மேல் அவர் ஒட்டும் சீட்டில் ஒரு காலத்தில் அரசாங்க முத்திரைக் கழுகு இருந்தது. சனங்கள் அதைக் குயில் என்று நையாண்டி செய்தார்கள். கழுகு போய்விட்டது, குயில் நிலைத்துவிட்டது.

"இன்னிக்கு யாரு கூட்டுக்கு உங்க குயிலு?" என்பார் ரொட்டிக்கடைக்காரர்.

"உங்க வீட்டுல நல்ல சோபா இருக்காமே?" என்பார் கேசா, சிரிக்காமல்.

யார் வீட்டிலும் காப்பி குடிக்கமாட்டார். புறப்படும்முன் இழுப்பறையை மூடுவார், நாற்காலியை மேசைக்கடியில் தள்ளுவார், மிதியடியை நேராக்குவார். "பொருள எடுக்கலாம்னுதான் சட்டம் சொல்லுது. வீட்டக் கலைக்கலாம்னு சொல்லல."

போன வெள்ளிக்கிழமை மீன்கடை மோமே கார்ஸ்டன் வீடு. தொழில் வரி பாக்கி. முந்தைய முறை எங்கள் முகத்தில் கதவை அறைந்தவர், இம்முறை குரலை இறக்கியிருந்தார். தேறிய பொருள், கூடத்திலிருந்த பழைய ஓக் அலமாரி ஒன்றுதான்.

"முன்னால ஒட்டாதீங்கம்மா. ஞாயித்துக்கெழம மாப்பிள்ளையப் பெத்தவங்க மொத தடவையா காப்பிக்கு வராங்க. குயிலப் பாத்தா எம் பொண்ணப் பத்தி என்ன நெனப்பாங்க? பின்பக்கம் ஒட்டிருங்க."

"கண்ணுல படாத எடத்துல ஒட்டினா ஜப்தியே செல்லாது, கார்ஸ்டன்."

"நல்லா சட்டம் பேசுறீங்க."

"அதுக்குத்தான் சம்பளம்."

எனக்கே கேசா மேல் எரிச்சல் வந்தது. அலமாரியின் முன்பக்கம், இடுப்புயரத்தில் ஒட்டி, கட்டைவிரலால் நீவிவிட்டார். பிறகு உயரமான முதுகுள்ள நாற்காலி ஒன்றை இழுத்துவந்து, சீட்டுக்கு நேர் முன்னால், முதுகு அலமாரியை ஒட்டும்படி போட்டு, அதில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். எழுந்தார். மிதியடியை நேராக்கினார்.

அவருடைய வழக்கம் தெரிந்தவனாயிற்றே, நாற்காலியை மேசைக்கடியில் தள்ளப் போனேன். கேசா என் கோட்டுக் கையைப் பிடித்து, வாசலுக்கு இழுத்துப் போனார்.