அக்கா சொன்ன இரண்டாவது சாட்சி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், சபையாருக்கும், அக்காவோடு கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கும் தம்பியின் ஸ்தோத்திரம். நான் எட்டாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கம் இல்லை. "நீ மனசுல இருக்கறத எழுதுப்பா, தப்பு இருந்தா நான் திருத்திக்கிறேன்" என்றார் எங்கள் பாஸ்டர். எழுத்தை மட்டும் திருத்துங்கள், விஷயத்தை மாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டில் அக்காவை வா, போ என்றுதான் பேசுவேன். மலர் என்பதால் மரியாதையாக எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கவரைப்பேட்டை பக்கம் எங்கள் காலனியில். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கம்பெனிகள் வந்த பிறகு நைனா ஒரு இரும்பு கம்பெனியில் லோடு ஏற்றப் போனார். நான் ஆறாவது படிக்கும்போது நைனா மாரடைப்பில் இறந்துவிட்டார். நர்சிங் படிக்க ஆசைப்பட்ட அக்கா, பன்னிரண்டாவது முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போனார். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே வேலை. அதற்காக ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றபோதுதான் துடைப்பத்தால் அடித்தார். அடித்துவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார்.

அக்காவுக்குப் பாட்டு வராது. ஆனாலும் சபையில் முன்னால் உட்கார்ந்து கத்திப் பாடுவார்.

"மெதுவா பாடுக்கா. கர்த்தருக்கு காது நல்லா கேக்கும்" என்பேன்.

"அவுருக்கு புடிச்சிதான் இர்க்குது. ஒனுக்குத்தான் பேஜாரா கீது, நீ காதப் பொத்திக்கோ" என்பார்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். அது அப்படியே நின்றுபோனது. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. அப்புறம் ஊசிகள். முடி கொட்டியது. சபையார் வீட்டுக்கு வந்து முறை வைத்து ஜெபம் பண்ணினார்கள். எல்லாம் முடிந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இப்போது எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சபையில் எழுந்து சாட்சி சொன்னார். "கர்த்தர் எனுக்கு முழு சொகம் குடுத்துட்டாரு. இனிமே இந்த நோவு என்கிட்ட வராது." வராது என்று டாக்டர் சொல்லவில்லை. சந்தோஷத்தில் அதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. தகரக் கூரை அதிரும்படி கை தட்டினோம். அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். அக்கா கம்பெனி பஸ்ஸுக்கும் ஒரு டப்பா எடுத்துப் போனார்.

ஒரு வருஷம் ஆகவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றார். நின்று வேலை செய்கிற வலி என்று நினைத்தோம். நோய் எலும்புக்குப் போயிருந்தது.

கர்த்தரை நம்புகிறவர்கள் வெட்கப்பட்டுப் போகமாட்டார்கள் என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்வார்கள். நாங்கள் நம்பினோம். வெட்கப்பட்டோம். இப்படி எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. பக்கத்து வீட்டு தனம் அத்தை ஆடி மாதம் தவறாமல் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிறவர். தெருக் குழாயடியில் எல்லோருக்கும் முன்னால் அம்மாவிடம், "இன்னாமே, கேசரியெல்லாம் குடுத்தியே, உங்க சாமி குடுத்தத திரும்ப வாங்கிக்கினாரா?" என்று கேட்டுவிட்டார். அம்மா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சபையிலேயே ஒரு அம்மா அக்காவைத் தனியே கூப்பிட்டு, "மறைவா எதாச்சும் பாவம் இருக்கும்மா, அறிக்க பண்ணிடு" என்றார்.

"கேண்டீன்ல கேக்காம ரெண்டு வட எட்த்தேன் ஆன்ட்டி. அதுக்கா இவ்ளோ பெரிய தண்டன?" என்று அக்கா சிரித்தார். வீட்டுக்கு வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர் சாப்பிட எழவில்லை.

எனக்கு ரோஷம் வந்தது. கோபம் கர்த்தர் மேலா, அந்த அம்மா மேலா, அக்கா மேலா என்று எனக்கே தெரியவில்லை. "இந்த சபையே வேணாங்க்கா. கும்முடிப்பூண்டில பெரிய சபை கீது. அங்க நம்மள யாருக்கும் தெரியாது. கம்முனு ஒக்காந்துட்டு வந்துர்லாம்" என்றேன்.

"சொன்னது நம்ம சபைலடா. அங்கதான் திரும்ப சொல்லணும்."

"இன்னான்னு சொல்லுவ? ஏற்கனவே மானம் போயிக்கினு கீது."

"போனது போட்டும். சொகமானவ மாதிரி இன்னொரு வாரம் அங்க ஒக்கார முடியாது என்னால."

அந்த வாரம் ஆட்டோவில் கூட்டிப்போனேன். சாட்சி நேரம் வந்ததும், முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அக்கா எழுந்தார். நான் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "ஒக்காருக்கா, ஒக்காரு" என்றேன். அவர் உட்காரவில்லை.

"போன தடவ இங்க நின்னு சொகமாய்ட்டேன், இனிமே வராதுன்னு சொன்னேன். திரும்ப வந்துட்ச்சி. நான் பொய் சொல்லல. சந்தோசத்துல, தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்ட்டேன். ஏன் வந்துச்சின்னு எனுக்குத் தெரியல. அவுருகிட்ட கேட்டேன், சொல்லல. ஆனா நான் அவுர உட்டுட்டுப் போவல. எனுக்காக நீங்க யாரும் வெக்கப்படாதீங்க. அவ்ளோதான்."

சாட்சி முடிந்தால் அல்லேலூயா சொல்வார்கள். அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "எனுக்கும் தெரியலம்மா" என்றார். பிரசங்க மேடையை விட்டு இறங்கி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் எங்களையே பார்க்கிற மாதிரி இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். நடக்க முடியாத அக்காவை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே நின்றேன். அங்கே நின்றபடிதான் உள்ளேயிருந்து இன்னொரு குரலைக் கேட்டேன். வேறொரு அம்மா அழுதுகொண்டே பேசினார். "எம்புள்ள குடிய உட்டுட்டான்னு நானும் இங்க சாட்சி சொன்னேன். உடலங்க. ஒரே மாசத்துல திரும்பக் குடிக்க ஆரம்ச்சிட்டான். சொல்ல வெக்கப்பட்டுக்கினு இர்ந்தேன்." அவருக்குப் பிறகு ஒரு பெரியவர் பேசினார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, உள்ளே போகவில்லை. ஆராதனை முடிந்து அக்காவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா என்னைப் பார்த்து, "ஏன்டா வெளிய நிக்கற?" என்று மட்டும் கேட்டார். நான் ஆட்டோவைக் கூப்பிடப் போனேன்.

விஷயம் தெருவுக்கும் வந்துவிட்டது. தனம் அத்தை வாசலில் வந்து நின்று, "உங்க கோயில்லயே நின்னு சொகமாவலன்னு சொன்னியாமே. தைரியம்டி ஒனுக்கு" என்றார். அம்மாவால் தனியாக அக்காவைத் தூக்க முடியாது. அன்றிலிருந்து கடைசி வரைக்கும் வெந்நீர் வைத்து அக்காவுக்கு உடம்பு துடைத்துவிட்டது அத்தைதான்.

கடைசி நாட்களில் வலி மாத்திரைக்கும் அடங்கவில்லை. அக்கா ஜெபம் பண்ணும்போது சத்தமாகவே கேட்பார், "ஏன் ஆண்டவரே, ஏன்?" என்று. ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பதில் சொல்றாராக்கா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

"இல்லடா. பேசாமதான் இர்க்காரு."

"அப்பறம் இன்னாத்துக்கு கூப்ட்டுக்கினே கீற?"

அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பேசாம இர்க்காரு. எயுந்து போவல" என்றார்.

எனக்கு அது புரியவில்லை. அது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். நான் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். சில நாள் கழித்து, காலையில் அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அக்காவுக்கு மூச்சு நின்றது. அவருக்கு முப்பது வயது நிறையவில்லை.

கல்லறையில் நிறையப் பேர் என்னைக் கட்டிப்பிடித்து, கர்த்தருடைய சித்தம் என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அக்கா தெரியாது என்று சொன்னதை இவர்கள் இவ்வளவு சுலபமாகத் தெரியும் என்கிறார்களே என்று இருந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்டு ஓவர்டைம் போட்டுக்கொண்டேன். அம்மா தனியாகச் சபைக்குப் போய் வந்தார்.

அக்கா இருந்தபோது அக்காவால் வெட்கப்பட்டேன். இப்போது என்னால் வெட்கப்படுகிறேன். முன்பு பட்ட வெட்கத்துக்கு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. இதற்குப் போக இடம் இல்லை.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்க வந்த கம்பெனி பிள்ளைகளுக்கும், நடக்க முடியாதபோது அக்காவை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்ட பஸ் டிரைவர் அண்ணனுக்கும், வேறு சாமி கும்பிட்டாலும் அக்காவைத் தன் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட தனம் அத்தைக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பாஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாவம் இருக்கும் என்று சொன்ன அம்மாவும் அடக்கத்துக்கு வந்து மண் போட்டார். அவருக்கும் நன்றி. அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்னும் வரவில்லை. அதற்காகவும் ஜெபம் பண்ணுங்கள்.

நினைவு ஆராதனையில் குடும்பத்தின் சார்பாக நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. நான் மறுபடியும் சபைக்கு வர ஆரம்பித்திருக்கிறேன். பின்னால் உட்காருகிறேன். கை தட்ட வரவில்லை. பாட்டு நடக்கும்போது, ஏன் எங்கள் அக்காவை எடுத்தீர் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் வரவில்லை. விட்டுவிடலாம் என்றும் பார்த்தேன். கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.