தெருவைத் தொடாத பூட்ஸ்

சோறு வேகும் இடத்தில் காலணி நுழையலாகாது என்பது என் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கொள்கை. நாங்கள் கிறித்தவர்கள். ஞாயிறு ஆராதனைக்கு அவள் காலணியுடன் செல்வாள், அடுப்படிக்கு அப்படிச் செல்லமாட்டாள். இவ்விரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை நான் ஒருமுறை வினவியபோது, "ஆண்டவர் மன்னிப்பாருங்க, சாம்பார் மன்னிக்காது" என்று சொல்லிவிட்டு அரிசி களையத் தொடங்கினாள். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அதற்குமேல் வாதிடத் தெரியவில்லை.

நாங்கள் வாழும் கன்னட நகரின் ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலை உணவகத்தின் சமையற்கூடம் நெடுங்காலமாக அவள் பொறுப்பில் இருக்கிறது. அங்குத் தரை முழுவதும் கடப்பைக் கல். காலை நிறுவனப் பேருந்தில் சென்றால் மாலைப் பேருந்தில் திரும்பும்வரை பெரும்பாலும் நின்றபடியே வேலை. நிருவாகம் வற்புறுத்தியதால் மெல்லிய ரப்பர்ச் செருப்பு ஒன்றுக்கு மட்டும் அவள் இசைந்திருந்தாள். அது சமையற்கூடத்திலேயே பிறந்து, சமையற்கூடத்திலேயே தேய்ந்து, அங்கேயே முடியும் செருப்பு. வெளியுலகை அது கண்டதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவளுடைய குதிகால்கள் அவளைக் கைவிடத் தொடங்கின. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதலடி வைக்கும்போது முகம் சுளிப்பாள். பிற்பகலில் சுவரில் சாய்ந்து நின்று ஒற்றைக்காலுக்கு ஓய்வளிப்பதாக அவளே சொன்னாள். மருத்துவர் சோதித்துவிட்டு, கடினமான தரையில் ரப்பர்ச் செருப்போடு நிற்பது வெறுங்காலோடு நிற்பதற்கு நிகர் என்றும், குதிகாலைத் தாங்கும் நல்ல பூட்ஸ் அணிய வேண்டும் என்றும் கூறினார். அவள் தலையசைத்துவிட்டு வந்தாள். பழைய செருப்பே தொடர்ந்தது.

பிறகு ஒருநாள் மாலை, பேருந்திலிருந்து இறங்கி வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கூடத்தில் நின்றாள்.

"புது மேனேஜர் கூப்பிட்டார். ஆயுத பூஜை விருந்து முடிஞ்சதும் என்னை ஸ்டோருக்கு மாத்தறாராம். கால் வலியில கஷ்டப்படறீங்கம்மா, இனி உக்காந்து வேலை பாருங்கன்னு சொல்றார்."

"நல்லெண்ணத்தோடுதானே சொல்லியிருக்கிறார்?"

"எண்ணம் நல்லதுதான். உக்காந்து பருப்பு மூட்டைய எண்ணணுமாம். நான் என்ன, தசரா பொம்மையா? படியில உக்கார வச்சு வேடிக்கை பாக்கறதுக்கு?"

சம்பளத்திலோ மதிப்பிலோ குறைவு எதுவுமில்லை. அவள் இழக்கவிருந்தது அந்த அடுப்புகளை. பெருந்திரளான மக்கள் ஒரே வேளையில் பசியோடு வந்து நிற்க, அனைவருக்கும் சூடாகச் சோறு போய்ச் சேரும் அந்த நடுப்பகல் நேரம்தான் அவளுடைய வாழ்வின் உயிர்நாடி என்பதை நான் அறிவேன். அன்றிரவு உணவுக்குப்பின் அவளாகவே சொன்னாள்: "சரி. பூட்ஸ் வாங்கலாம். ஆனா ஒண்ணு. அது தெருவைத் தொடக்கூடாது. பையில எடுத்துட்டுப் போய் சமையல்கட்டு வாசல்ல போட்டுக்குவேன்."

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் ஒரு காலணிக் கடைக்குச் சென்றோம். எங்கள் திருச்சபைக் குடும்பங்களுக்கு அது வழக்கம்; பட்டுப்புடவையும் கைப்பையில் வேதாகமமும் இருக்கும்போதே புதுச்செருப்பு வாங்குவோம். காற்றாடிக்குக் கீழே முக்காலியில் அமர்ந்து, சாய்த்து வைத்த சிறு கண்ணாடியில் பாதத்தின் அழகைப் பார்த்து, மெத்தென்ற ஒரு கறுப்பு இணையைத் தேர்ந்தாள். விரல் நுனியில் சற்று இறுக்கம் என்றாள். கன்னடரான கடைக்காரர் எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"அது ஒண்ணும் இல்லா மேடம். போடப் போட இளகிடும்."

அது இளகவில்லை. மறுநாள் நண்பகலுக்குள் அவள் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. மெத்தென்ற அடிப்பகுதி அப்பளம்போல் தட்டையாகி, கடப்பைக் கல்லின் கடினம் அப்படியே குதிகாலுக்கு ஏறியது. பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய செருப்போடு வேலையை முடித்தாளாம். மாலையில் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு அவள் அமர்ந்திருந்தாள். விருந்துக்கு நாள்கள் அதிகம் இல்லை. அவளுடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் காலையில் பட்டுப்புடவைக்குக் கீழே கண்ட பாதங்கள் அல்ல அவை. வீங்கி, அகன்று, வேறொருவருடையவைபோல் இருந்தன.

"நேற்று நாம் கடைக்கு அழைத்துச் சென்றவை இவையல்லவே" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள், பல நாள்களுக்குப்பின் எழுந்த சிரிப்பு. "ஆமாங்க. ஞாயித்துக்கிழமை கால் வேற, வேலைநாள் கால் வேற. சர்ச்சுக்குப் போற காலுக்குத்தானே நாம வாங்கியிருக்கோம்!"

எனவே அடுத்த முறை வேலைநாள் மாலையில், பேருந்திலிருந்து இறங்கியவளை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குச் சென்றேன். சமையற்கூடத்தில் அணியப்போகும் தடித்த பருத்திக் காலுறையையும் அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். முக்காலியைக் காட்டிய கடைக்காரரிடம் தலையை ஆட்டி மறுத்தாள்.

"பேடா, முக்காலி வேணாம். நான் உக்காந்து சமைக்கறதில்ல. இந்த விரிப்பைக் கொஞ்சம் சுருட்டுங்க, எனக்குக் கல்லுத் தரை வேணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். விரிப்பு சுருட்டப்பட்டது.

பெண்களுக்கான அடுக்கில் பூப்போட்டவையும் வார்வைத்தவையும்தான் இருந்தன. தொழிற்கூடங்களுக்கு என்று செய்யப்பட்டவை யாவும் ஆண்களின் பாதத்துக்கு அளவெடுத்தவை. கடைக்காரர் பரணிலேறி, சிறிய அளவுகளைத் தூசி தட்டி இறக்கினார். என் மனைவி அவற்றை அணிவதற்கு முன்பே ஒவ்வொன்றின் உள்ளேயும் கைவிட்டுக் கட்டைவிரலால் அமுக்கினாள்.

"என்ன மேடம் பாக்கறீங்க?"

"இட்லி பாக்கறேன். அமுக்கினா எழுந்து வரணும். இது பாருங்க, அமுங்கினது அமுங்கினபடியே கெடக்குது. நேத்திக்கு ஊத்தின இட்லி."

அமுங்கி எழுந்தவை இரண்டே இணைகள். ஒன்றின் அடிப்பாகம் நடுவில் மடிந்தது. விரல்கள் மடியும் இடத்தில்தான் அது மடிய வேண்டும் என்று அவள் தன் பாதத்தை வளைத்துக் காட்டி அதை ஒதுக்கினாள். எஞ்சிய ஒன்று கணுக்கால்வரை உயர்ந்தது. எண்ணெயில் வழுக்காத வரிகளைக் கொண்ட அடி. பாத்திரம் விழுந்தாலும் விரலைக் காக்கும் கடினமான முன்பகுதி. அதற்குள் விரல்கள் தாராளமாக அசைந்தன. அதை அணிந்து அவள் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். முக்காலி வீணாகாதபடி நான் அதில் அமர்ந்து கையிலிருந்த நூலைப் படிக்கலானேன். வந்துபோன வாடிக்கையாளர்கள் அவளைக் கடைச் சிப்பந்தியென எண்ணி விலை கேட்டார்கள். ஒருவருக்கு அவள் செருப்பும் தேர்ந்து கொடுத்தாள்.

"மேடம், இது அங்கடியா, பஸ் ஸ்டாண்டா?" என்றார் கடைக்காரர்.

"உங்களுக்கு வியாபாரம் பண்ணிக் குடுத்தேனில்ல? இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்."

ஒரே குறை: ஆண்களின் அளவாதலால் குதிகால் சற்று மேலெழுந்தது. அவள் தயங்கினாள். மீண்டும் ஏமாறினால் விருந்துக்குமுன் மாற்றுவதற்கு நேரம் இராது. கடைக்காரர் தாடையைச் சொறிந்தபடி, "வீட்டுக்குள்ளயே போட்டுப் பாருங்க. ஆனா தெருவுல ஒரு அடி வச்சாலும் திருப்பி எடுக்க மாட்டேன். அடி சுத்தமா இருக்கணும்" என்றார்.

என் மனைவியின் முகம் மலர்ந்ததை என்னால் இன்றும் காண முடிகிறது. வேறு எவருக்கும் இடைஞ்சலாக இருந்திருக்கக்கூடிய அந்த நிபந்தனை, அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்ட விதியாக முன்பே இருந்தது.

"தெருவா? இது தெருவைப் பாக்கவே போறதில்லைங்க" என்று பூட்ஸைப் பையிலிட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததை உறவினர் எவரும் நம்பவில்லை. காலையில் நான் காப்பிக்காகச் சென்றபோது, அடுப்பின் முன்னே, பருத்திப் புடவையும் கணுக்கால்வரை உயர்ந்த பூட்ஸுமாக அவள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அடுப்படிக்குள் காலணியா?" என்றேன், இத்தனை ஆண்டுகளின் பழியையும் ஒருங்கே தீர்த்துக்கொள்ளும் மகிழ்ச்சியோடு.

"இது காலணி இல்லைங்க. தெருவைத் தொடாதது எப்படிக் காலணியாகும்? இது பாத்திரம். கரண்டி மாதிரி."

அன்று முழுவதும் அவள் அமரவில்லை. திருச்சபையின் விற்பனை நாளுக்கென முறுக்கும் அச்சு முறுக்கும் சுட்டு அடுக்கினாள். குதிகால் எழும்பியபோது, பூட்ஸ் கயிற்றை மேல்துளையில் ஒரு கண்ணியாக்கி மறுபக்கத்துக் கயிற்றை அதனுள் நுழைத்து இறுக்கிப் பார்த்தாள். சேலைக்குக் கொசுவம் வைக்கும் கைகளுக்கு அது கடினமாக இல்லை. அதன்பின் குதிகால் அசையவில்லை. மாலையில் நான் வழக்கப்படி வெந்நீர் வைத்தேன். "எதுக்கு? குளிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அண்டை வீட்டாருக்கு முறுக்குக் கொடுக்க வெறுங்காலுடன் நடந்து போனாள். பூட்ஸைக் கடைக்குத் திருப்பும் பேச்சு அதன்பின் எழவில்லை.

ஆயுத பூஜையன்று தொழிற்சாலை குடும்பத்தார் அனைவரையும் அழைப்பது வழக்கம். நானும் சென்றேன். எந்திரங்களுக்கெல்லாம் சாமந்தி மாலை. வாசல்தோறும் உடைத்த பூசணி. சமையற்கூடத்தில் அரைவை எந்திரமும் அண்டாக்களும் குங்குமம் சூடியிருந்தன. கொள்ளேகாலத்திலிருந்து வந்து அங்குப் பணிபுரியும் ஒரு பெண் குங்குமக் கிண்ணத்தோடு என் மனைவியை நெருங்கினாள்.

"ஏனுங்க்கா, உங்களுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டுங்களா?"

"நெத்தியில வேணாம் கண்ணு. வைக்கறதுன்னா இந்தக் கருவிக்கு வை" என்று இவள் காலை நீட்டினாள். அப்பெண் சிரித்தபடி குனிந்து, பூட்ஸ் இரண்டின் நுனியிலும் குங்குமம் இட்டாள். சமையற்கூடமே ஆர்ப்பரித்தது.

பந்தி தொடங்கியது. பிசிபேளாபாத், கோசம்பரி, பாயசம். ஒரு கூட்டம் எழ, மறு கூட்டம் அமர்ந்தது. நான் உணவுக்கூடத்தின் ஓரத்திலிருந்து திறந்த கதவின் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்கும் பந்திக்கும் இடையே அவள் ஓயாமல் நடந்தாள். ஒரு முறையும் சுவரை நாடவில்லை. ஈரத்தரையில் பரிமாறும் இளைஞர்கள் தடுமாறிய இடங்களில் அவள் உறுதியாக ஊன்றி நின்று, "மெதுவாப்பா, நான் எங்கயும் ஓடிப்போகல" என்று அவர்களின் வாளிகளை நிரப்பினாள். கடைசிப் பந்திக்கும் சோறு ஆவி பறக்கப் போயிற்று.

எல்லாம் ஓய்ந்தபின் மேலாளர் வந்தார். இளைஞர், மென்மையானவர். கையில் ஒரு நாற்காலி. அதை அடுப்பின் அருகே வைத்து, "அம்மா, காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறீர்கள். உட்காருங்கள்" என்று கன்னடத்தில் சொன்னார். அவர் சொன்னது அந்நாற்காலியை மட்டும் பற்றியதன்று என்பது அங்கிருந்த அனைவருக்கும் விளங்கியது.

என் மனைவி நாற்காலியை அவர் பக்கமாகவே திருப்பினாள்.

"நீங்க உக்காருங்க சார். எல்லாரையும் கவனிச்சுட்டு நீங்க இன்னும் சாப்பிடல. பாயசம் சூடா இருக்கு."

அவர் அமர்ந்தார். அவள் பக்கத்து மேடையில் இலை போட்டு, நேராக நின்று, தானே பரிமாறினாள். அவருடைய பார்வை குங்குமமிட்ட பூட்ஸ் நுனிக்குச் சென்றது. அங்கிருந்து அவள் முகத்துக்கு ஏறியது. இரண்டாம் முறை பிசிபேளாபாத் கேட்டு வாங்கினார். பாயசத்தை முடித்தார்.

"ஸ்டோருக்கு அந்த அரைவைப் பகுதித் தம்பியை அனுப்புங்க சார்" என்றாள் இவள், ஊறுகாய் கேட்பவரிடம் சொல்வதுபோல். "அவனுக்குக் கணக்கு நல்லா வரும். அனல்தான் ஆகறதில்ல."

மேலாளர் கை கழுவி வந்தார். சமையற்கூடத்தார் அனைவரும் அவர் வாயைப் பார்த்து நின்றார்கள். அவர் என் மனைவியை நோக்கி, வேலைநாள்களில் எப்போதும் கேட்கும் குரலில் கேட்டார்:

"சரி அம்மா. லீவு முடிந்து வரும் அன்றைக்கு என்ன சமையல்?"